நாலு கம்பி போதும்

பனச்சமூடு
12-8-1995

அன்பு ஜின்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மையும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பிந்தியதை முதலில் பிரித்துப் படித்துவிட்டு, இவளுக்கு என்ன கோபம் என்று அரைமணி நேரம் குழம்பிப் போனேன்.

ஒரு நல்ல செய்தி. நெய்யாற்றின்கரை ராஜப்பன் அண்ணனுடைய கானமேளா பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் துபாய்க்குப் போகிறார். போன ஞாயிறு என்னை வரச்சொல்லி, குழுவின் பழைய கிட்டாரில் நாலு பாட்டு வாசிக்க வைத்துக் கேட்டார். "எலே ஜெயசிங்கே, கை கொள்ளாம், நல்லா இருக்கு. சொந்தமா ஒரு பேஸும் ஆம்பும் உண்டெங்கி மகரம் முதல் நீ நம்ம ஆளாக்கும்" என்றார். தை மகரத்தில் தொடங்கி சித்திரை மேடம் வரை எல்லா அம்பலத்திலும், ஒரு கோயில் விடாமல், உற்சவம். ஒரு சீசனுக்கு அறுபது மேடை.

அது அமைந்தால் விஜயதாஸ் மாமாவின் மரக்கடையில் பலகை அளக்கிற வேலையை விட்டுவிடலாம். நீயும் பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம். ஏப்ரலில் ஊருக்கு வந்துவிடு. கல்யாணமாகி ஏழு மாதம் சேர்ந்து இருந்தோம், பிரிந்து பதினாறு மாதம் ஆகிறது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நல்ல கிட்டார் இங்கே கிடைக்காது. மஸ்கட்டில் ஒன்று பார். எதுவானாலும் சரி, நீ வாங்கினால் போதும்.

உன்
ஜெயசிங்


மஸ்கட்
30-8-1995

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். மாமியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். வெயில்தான் ஆளைத் தின்கிறது.

வெள்ளிக்கிழமை ரூவியில் ஒரு மியூசிக் கடைக்குப் போனேன். கோவாக்காரர் ஒருவர் நிற்கிறார். "பேஸ் கிட்டார் வேண்டும்" என்றேன். நாலு கம்பியா, ஐந்தா? நீளக் கழுத்தா, குட்டையா? பேட்டரி போடுவதா, போடாததா? சொரசொரப்பான கம்பியா, வழவழப்பானதா? வாசிக்கிறவர் விரலால் வாசிப்பாரா, கட்டை விரலால் அடிப்பாரா? பேஷண்டிடம் நான் கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒன்றுக்கும் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தேன்.

"எதுவானாலும் சரி" என்று இனி எழுதாதீர்கள். பெண் பார்க்க வந்த அன்றும் "அம்மைக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்சாச்சு" என்றுதான் சொன்னீர்கள். அன்றைக்குப் பொறுத்துக் கொண்டேன். கிட்டாருக்கு நான் பொறுக்க மாட்டேன். உங்கள் கைக்கு எது வேண்டும், உங்கள் காதுக்கு எது வேண்டும் என்று நீங்களே எழுத வேண்டும்.

ஏப்ரல் என்று எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

உங்கள்
ஜின்சி


பனச்சமூடு
16-9-1995

அன்பு ஜின்சி,

உன் கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது.

ராஜப்பன் அண்ணன் ஐந்து கம்பி வேண்டும், சிவப்பு நிறம் வேண்டும், மேடை லைட்டில் மின்ன வேண்டும் என்கிறார். கீபோர்டு வாசிக்கிற அஜேஷ், பேட்டரி போட்டதுதான் இப்போது ஃபாஷன் என்கிறான். இதைப் படித்ததும் நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரியும். இனி என் விருப்பம்.

நாலு கம்பி போதும். ஐந்தாவதை நான் தொடவே போவதில்லை. பேட்டரி போட்டது வேண்டாம். பாட்டு நடுவே பேட்டரி தீர்ந்தால் திருவனந்தபுரம் போய்த்தான் வாங்க வேண்டும். என் விரல் குட்டை. கழுத்து மெலிதாகவும் கொஞ்சம் குட்டையாகவும் இருக்கட்டும். இடது கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரரிடம் காட்டு. நாலு மணி நேரம் நின்று வாசிக்க வேண்டும் என்பதால் தோளில் பாரம் தெரியக் கூடாது. கம்பி வழவழப்பாக இருந்தால் நல்லது. விரல் நகரும்போது வருகிற கீச்சுச் சத்தம் எனக்கு ஆகாது.

ஆம்புக்குள் சின்ன ஸ்பீக்கர் நாலு இருப்பதைவிட பதினைந்து இஞ்சில் ஒன்று இருப்பது மேல். வால்வு போட்டது கேட்க சுகம்தான். ஆனால் ஜீப்பில் குலுங்கி உற்சவப் பறம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் வால்வு போய்விடும். குமிழ் குறைவாக இருக்கட்டும்.

சத்தம் எப்படி வேண்டும் என்றால், மழை பெய்து நனைந்த மண்ணில் தேங்காய் விழுந்தால் வருமே, அப்படி. மேலே கணீரென்று ஒன்றும் வேண்டாம். பாட்டுக் கேட்கிறவனுக்கு நான் வாசிப்பது தெரியக் கூடாது, நான் நிறுத்தினால் தெரிய வேண்டும்.

இவ்வளவும் எழுதும்போது கூச்சமாக இருந்தது. "உனக்கு என்ன பிடிக்கும்" என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, ஜின்சி.

உன்
ஜெயசிங்


மஸ்கட்
10-11-1995

அன்புள்ள அத்தானுக்கு,

வாங்கிவிட்டேன். ஜப்பான் கிட்டார், நாலு கம்பி, மரத்தின் நிறம். ஐந்து வெள்ளிக்கிழமை அந்தக் கடையில்தான் கிடந்தேன். நீங்கள் வரைந்த கையை கிட்டார் கழுத்தில் வைத்து வைத்துப் பார்த்தோம். கோவாக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் அவரே தாளை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். தாளை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆம்புக்குத்தான் பாடுபட்டேன். பதினைந்து இஞ்சில் இரண்டு இருந்தன. ஒரே பாட்டை இரண்டிலும் வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டேன். ஒன்று விலை கூடியது, சத்தம் தெளிவு. மற்றது கொஞ்சம் மங்கல். மங்கலைத்தான் எடுத்தேன். "மேடம், உங்கள் வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி, எல்லாரும் தெளிவைத்தான் எடுப்பார்கள்" என்றார் அவர். தேங்காய் விஷயத்தை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிட்டார் என்னோடு வேலை பார்க்கிற ஓமனா கையில் வருகிறது. அவள் வெள்ளறடைக்காரி, லீவில் வருகிறாள். ஆம்ப் கார்கோவில்.

காண்ட்ராக்ட் போடுகிறாயா இல்லையா என்று பிப்ரவரி கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். போடப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி நாளைக் கழிக்கிறேன். முப்பத்தொரு வயதாகிறது அத்தான். எனக்கும் ஒரு பிள்ளை வேண்டும்.

உங்கள்
ஜின்சி


பனச்சமூடு
6-12-1995

அன்பு ஜின்சி,

இரண்டும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. என் கையை நீ இவ்வளவு அறிந்து வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. சுண்டுவிரல் வலியில்லாமல் எட்டுகிறது. சத்தம் அதே சத்தம்தான். முதல் நாள் வாசித்தபோது அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்து, அம்மை கரண்டியோடு ஓடி வந்தாள். ராஜப்பன் அண்ணன் வந்து கேட்டுவிட்டு, நிறம் சிவப்பில்லை என்பதையே மறந்துவிட்டார். ஜனவரி பதினெட்டாம் தேதி முதல் மேடை.

அம்மைக்கு ஒரே ஆசை. "மக்கா, அந்நிய தேசத்திலேருந்து வந்த சாதனம். ஆல்டர்ல வச்சு ஒரு ஜெபம் பண்ணிட்டு எடு, கண்ணேறு தட்டாது" என்கிறாள். சபைச் செயலாளர் என்ற முறையில் விஜயதாஸ் மாமாவும் சரி என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆராதனையில் சர்ச் பீடத்தில் வைத்து எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உன்
ஜெயசிங்


மஸ்கட்
18-12-1995

அத்தான்,

அவசரமாக எழுதுகிறேன். கிட்டாரை ஆல்டரில் வைக்க வேண்டாம். போதகரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள், அதுவும் ஜெபம்தான். காரக்கோணத்தில் என் அப்பா தன் தபேலாவை இப்படித்தான் ஆல்டரில் வைத்து ஜெபிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கு வாசிக்க எடுக்கப் போனபோது, படைத்ததைத் திரும்பக் கேட்கிறாயா என்று அனுப்பிவிட்டார்கள். சாகும்வரை அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொட்டார். நீங்கள் வாசிக்கப் போவதோ அம்பலத்தில்.

இன்று காலை மரக்கடைக்குப் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். நீங்கள் லோடு ஏற்றப் போயிருப்பதாகச் சொன்னார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எனக்கும் வாய் வரவில்லை. இந்தக் கடிதம் முந்திக்கொண்டு வந்து சேர வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

உங்கள்
ஜின்சி


பனச்சமூடு
3-1-1996

அன்பு ஜின்சி,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதிதான் வந்தது.

இருபத்துநாலாம் தேதி இரண்டையும் ஆல்டரில் வைத்துப் போதகர் ஜெபித்தார். அது முடிந்ததும் மாமா மைக்கில், "ஜெயசிங் ஜின்சி குடும்பத்தார் சபைக்குக் காணிக்கையாகத் தந்த கிட்டாரும் ஆம்பும்" என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மை என்னைப் பார்த்து அழுதாள், சந்தோஷத்தில். அந்த நேரத்தில் எப்படி எழுந்து நின்று இல்லை என்று சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் கிறிஸ்துமஸ்.

பிறகு மரக்கடையில் மாமாவிடம் கேட்டேன். தேக்குத் தடியை அளந்து கொண்டே, "கர்த்தருக்குக் குடுத்ததை எடுத்துக்கிட்டு அம்பலத்துக்குப் போவியா மக்கா? உனக்கு வாசிக்கணும்னா ஞாயிற்றுக்கிழமை வாசி, யாரு வேண்டாம்னு சொன்னா?" என்றார். இரண்டும் இப்போது சர்ச் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஞாயிறு காலை ஆறரைக்கு மாமா சாவி தருகிறார். ஆம்பின் சத்தம் இரண்டுக்கு மேல் போகாதபடி குமிழில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ராஜப்பன் அண்ணன் பதினெட்டாம் தேதிவரை பார்ப்பேன் என்கிறார். திருப்புறத்தில் தீபு என்று ஒருவன் சிவப்புக் கிட்டாரோடு தயாராக நிற்கிறானாம்.

உன்
ஜெயசிங்


மஸ்கட்
17-1-1996

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது பதினெட்டாம் தேதி மேடை போயிருக்கும். போகட்டும், மேடம் வரை உற்சவம் இருக்கிறது. ராஜப்பன் அண்ணனை நேரில் பார்த்து ஒரு மாதம் தவணை கேளுங்கள்.

இத்துடன் நான் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டும் என் சம்பாத்தியத்தில் வாங்கியவை, ஜெபத்துக்காக மட்டும் வைத்தோம், காணிக்கையாகத் தரவில்லை என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரி நாலாம் தேதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைப் படியுங்கள். சண்டை போட வேண்டாம். குரலை உயர்த்தவும் வேண்டாம். படித்தால் போதும். மாமி வருத்தப்பட்டால் நான் வந்து காலில் விழுந்து சமாதானம் செய்கிறேன்.

எத்தனை நாள்தான் மதில்மேல் பூனையாக இருப்பீர்கள்? ஒருமுறை குதித்துவிடுங்கள். என் பக்கம் குதியுங்கள்.

உங்கள்
ஜின்சி


பனச்சமூடு
9-2-1996

அன்பு ஜின்சி,

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று.

கூட்டத்துக்குப் போனேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எல்லா விஷயமும் முடிந்த பிறகு மாமா என்னைப் பார்த்து, "ஜெயசிங்குக்கு என்னமோ சொல்ல உண்டுன்னு கேட்டேன். சொல்லு மக்கா" என்றார். எழுந்தேன். நாற்பது பேர் இருந்தார்கள். அம்மை முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பையில் கையை விட்டேன். தாள் கையில் தட்டுப்பட்டது. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பொய் சொல்லலாம், கமிட்டி மறுத்துவிட்டது என்று. உன்னிடம் பொய் வரவில்லை.

தீபுவைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மரக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஜின்சி, நீ இன்னும் ஒரு காண்ட்ராக்ட் மட்டும் போட்டுவிடு. அடுத்த தடவை வேறு ஒன்று வாங்கி, யாருக்கும் காட்டாமல் நெய்யாற்றின்கரையில் ராஜப்பன் அண்ணன் வீட்டிலேயே வைத்துவிடலாம். இது அம்மை சொல்லி எழுதுவதில்லை, மாமா சொல்லியும் இல்லை. நானாகக் கேட்கிறேன். இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இரு.

உன்
ஜெயசிங்


மஸ்கட்
27-2-1996

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. டூட்டிக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்திருந்தால், கிட்டார் திரும்பக் கிடைக்காமல் போயிருந்தாலும் நான் வந்திருப்பேன். இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் தப்பு. மரக்கடைச் சம்பளத்தில் கஞ்சி குடித்திருக்கலாம். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் எனக்கும் ஒரு வேலை கிடைக்காமலா போயிருக்கும்? நாலு பேர் முன்னால் ஒருமுறை நீங்கள் எனக்காக வாய் திறப்பீர்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இங்கே இரண்டு வருஷம் ஓடியது என்று இப்போது தெரிகிறது.

மாமியின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி, ஊருக்கு வருகிற ஒரு நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் தேய்க்கச் சொல்லுங்கள். மாமியிடம் எனக்கு வருத்தம் இல்லை.

நேற்று ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் அல்லது மூன்று வருஷம் என்றார்கள், மூன்றில் போட்டேன். லீவு டிக்கெட் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணமான நாள் முதல், மற்றவர் பெயரைச் சொல்லாமல் நீங்களாக என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். கேட்டதைச் செய்துவிட்டேன்.

ஜின்சி