என் முறை வந்தபோது

என் செல்ல மகளுக்கு,

கதவைத் தட்டினால் நீ திறப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்று தையல் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் இடத்தைத் தேடிப் போனேன். மருந்துக் கடைக்காரர்தான் குரலைத் தாழ்த்தி, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறை என்று வழி சொன்னார்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் முறை வந்தது. உன்னைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் உன்னை எப்படியம்மா விட்டுக்கொடுப்பேன்? "நான் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். துணி துவைக்கிற மெஷினுக்குள் பாட்டிலை ஒளிப்பது, வேலைக்குப் போவதாகச் சொல்லிப் பூங்காவில் உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும் நான் செய்ததாகவே சொன்னேன்.

பக்கத்தில் நர்ஸ் உடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க குடிக்கிறவர் இல்ல. யாரு, பையனா?"

"பொண்ணு" என்றேன். பிறகு, "கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"அவங்களா வரணும்யா. எங்களையும் யாரும் தூக்கிட்டு வரல."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?"

ஒருவர் எழுந்து போய் எனக்கு டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மறுபடி கூடுகிறார்கள். என்கூட வருகிறாயா? வரவில்லை என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உள்ளே பாட்டில் உருளுகிற சத்தம் கேட்கிறது. இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா