கலந்து கோத்த ஒரு குச்சி

ஏங்க,

ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். நேற்று நீங்கள் பேசியதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் அப்பாவோடு கோழி சுடப்போகிறோம் என்று பிள்ளைகள் காலையிலிருந்து குதிக்கிறார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் கோத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கோழி தனிக் குச்சி, குடைமிளகாயும் வெங்காயமும் தனிக் குச்சி. சேர்த்துக் கோத்தால் கோழி வேகும் முன்பே காய் கருகிவிடும் என்று சின்னவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மசாலாக் கையோடு நிமிர்ந்து பார்த்து, "அதான் அப்பா ஹால்ல தனியா படுக்கிறாராம்மா?" என்றாள்.

பெரியவனை அடுப்புக்கிட்ட விடாதீர்கள். இடுக்கி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பி.கு.: தட்டில் அடியில் ஒரு குச்சியில் மட்டும் கோழியும் காயும் கலந்திருக்கும். நான் பார்க்காத நேரத்தில் சின்னவள் கோத்தது. அதைத் தணல் குறைவாக இருக்கும் ஓரத்தில் வையுங்கள். அவசரப்படாமல் திருப்பித் திருப்பி விடுங்கள்.

இன்னொன்று. அது கருகிவிட்டால் அவள் கண்ணில் படாமல் நீங்களே தின்றுவிடுங்கள். என்னிடமும் சொல்ல வேண்டாம்.