இடது கால் பூட்ஸ்

1 ஜூன் 2025, ஞாயிறு

அன்று மதுரை மைதானத்தில் இருந்தவர்கள்: மாமனார் சுருளியாண்டி, என் வீட்டுக்காரர் சுந்தரலிங்கம், என் ஓரகத்தி அக்கம்மாள், அவள் மகன் ஈஸ்வரபாண்டி, என் மகன் முத்துக்குமரன், பையன்கள் இருவருக்கும் கால்பந்து பழக்கிய கம்பம் சமது பாய், அப்புறம் நான். இதில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிறவர்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அக்கம்மாள் அன்று கட்டியிருந்த சேலையின் கரை என்ன நிறம் என்றுகூடச் சொல்வேன்.

இன்று இதை எழுதக் காரணம் பேனர். என் வாசலுக்கு நேர் எதிரே கட்டிவிட்டார்கள். 'இந்திய அணியில் கோம்பையின் சிங்கம் ஈஸ்வரபாண்டி — முதலாம் ஆண்டு நினைவுக் கோப்பை.' நீலச் சட்டையில் சிரிக்கிறான். கதவைத் திறந்தால் அவன் பல்தான் தெரிகிறது. இந்த ஊரில் வேறு சுவரே இல்லையா?

என் மகனுக்கும் அதே வயசுதான். அதே வீடு, அதே பந்து. இருட்டோடு எழுந்து ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுகிறான், ஏலத்தோட்டத்து வேலைக்கு. ஜீப் ஓட்டுகிறவனுக்கு யார் பேனர் கட்டுவார்?

3 ஜூன், செவ்வாய்

கோப்பை நடத்துகிற பையன்கள் வந்தார்கள். விஜய்பாண்டிதான் பேசினான்.

"அப்பத்தா, பழைய பூட்ஸ்ல இடது கால் ஒங்ககிட்ட இருக்காம்ல? கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். வலத அக்கம்மா அப்பத்தா குடுத்துட்டாக."

"அவ குடுத்தா நானும் குடுக்கணுமா?"

"ஈஸ்வரண்ணன் பூட்ஸுல்ல, அதான்..."

"எவ சொன்னா? வலது அவனுக்கு, இடது எம்மகனுக்கு. போயி அவகிட்டயே கேளுங்கடா."

போய்விட்டார்கள். இவர்கள் எல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. என்ன தெரியும்?

மாமனார் மதுரையில் பழசாக ஒரே ஒரு ஜோடி வாங்கி வந்தார். பேரன்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கால். ஈஸ்வரன் வலது காலால் அடிப்பான், முத்து இடது காலால். ஆளுக்கு ஒன்றாக மாட்டிவிட்டார் கிழவர். மற்றக் கால் வெறுங்கால். ஊரே சிரித்தது. ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து நின்றால் உத்தமபாளையத்துப் பையன்கள்கூடத் தாண்டிப் போனதில்லை.

அப்படியே மதுரைக்கும் போனோம், மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று. இரண்டு காலிலும் பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாதாம். எங்களுக்கு யார் சொன்னார்கள் அந்தச் சட்டத்தை? இரவல் கேட்டுப் பார்த்தார் சமது பாய், ஒருத்தரும் தரவில்லை. நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் — ஈஸ்வரன் காலில் இரண்டு பூட்ஸும். அக்கம்மாள் மண்டிபோட்டு இடது கால் நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளை வெறுங்காலோடு கோட்டுக்கு வெளியே நிற்கிறான்.

ஏன்டா என்று கேட்டேன். "விடும்மா" என்றான். இன்றுவரை அதுதான் பதில்.

அந்த இடது பூட்ஸை, ஈஸ்வரன் தேர்வாகிச் சென்னை விடுதிக்குப் போன வாரமே அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்து என் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இருக்கட்டும் அங்கேயே.

7 ஜூன், சனி

பக்ரீத். சமது பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அக்கம்மாள் வீட்டுக்குப் போன தூக்குவாளி பெரிசு. பார்த்தேன்.

10 ஜூன், செவ்வாய்

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஈஸ்வரன் கொல்கத்தாக் கிளப்பில் சேர்ந்தான், கோவாவுக்குப் போனான், பிறகு இந்தியா. டாக்கா ஆட்டத்தை ஊரே என் வீட்டு டிவியில்தான் பார்த்தது. அக்கம்மாளுக்கு நாற்காலி, எனக்கு அடுப்படி. அவன் தலையால் முட்டிக் கோல் போட்டபோது நான் காபிக்குப் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்து தரையில் உருண்டு அழுதான் — சந்தோஷத்தில்! அந்த அழுகையை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

கால் முட்டி போன பிறகும் ஈஸ்வரனை விடவில்லை அதிர்ஷ்டம். வேலை கொடுத்தார்கள், பையன்களுக்குப் பழக்கச் சொன்னார்கள். போன வருஷம் மைதானத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆடுகிறவன் ஆடுகளத்திலேயே போனான் என்று அதையும் பெருமையாகப் பேசினார்கள்.

பாடி வந்த அன்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பொய்யாக இல்லை. கொழுந்தன் சீக்கிரமே போய்விட்டார், அவள் காட்டு வேலைக்குப் போக, இந்தக் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளை அவன். ஆனால் அழுதுகொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். என் மகனுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று —

சீ. பெத்தவ நெனைக்கிற நெனப்பா இது? நெனச்சேன். என்ன செய்ய?

14 ஜூன், சனி

அக்கம்மாளே வந்துவிட்டாள். சாரல். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"அக்கா, அந்த ஒத்த பூட்ஸக் குடுங்க. ஒரு நா வச்சிட்டுத் தந்துருதேன்."

"அன்னைக்கு ஒம்மகனுக்கு மாட்டிவிடயில எங்கிட்டக் கேட்டியாடி?"

"செத்த பிள்ளைக்கு ஒத்தக் காலாக்கா வைப்பீக?"

"உசுரோட இருக்கவன் ரெண்டு காலும் இல்லாம நின்னானேடி! அப்ப எங்கன போச்சு ஒன் நாயம்?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைப் பிழிந்தாள். பிறகு சொன்னாள்.

"நான் மாட்டிவிடலக்கா. முத்துதான் கழட்டுனான். ஈஸ்வரன் மாட்டேன்னு ஓடுனான். இவன்தான் பிடிச்சு ஒக்கார வச்சு, 'ஏலே, நம்ம ரெண்டு பேர்ல நீதான்டா நல்லா ஆடுவ, எனக்குத் தெரியும்'னு மாட்டிவிட்டான். எம்பிள்ளைக்கு அழுகையில நாடா கட்ட வரல. அதத்தான் கட்டுனேன். அதத்தான் நீங்க பாத்தீக."

"பொய்யி."

"சத்தியம் வாங்கிட்டான்க்கா. எங்கம்மாகிட்டச் சொல்லாதீக சித்தின்னு, ஈஸ்வரன் தலையில என் கைய வச்சு வாங்குனான்."

"நான் பேசுன பேச்சு பூராங் கேட்டுக்கிட்டா இருந்த இத்தன வருசமா?"

"பிள்ள தலையில வச்ச சத்தியமுல்லக்கா. இப்ப அந்தத் தலையே இல்ல. இனி எதுக்குக் காப்பாத்த?"

எழுந்து போய்விட்டாள். பூட்ஸைக் கேட்கவில்லை. குடை கொடுத்தனுப்பியிருக்கலாம். தோன்றவில்லை.

15 ஜூன், ஞாயிறு

முத்து ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். கேட்டேன். "விடும்மா" என்றான். விடவில்லை. கடைசியில், அடியிலிருந்தே, "ஆமாம்மா" என்றான். முகத்தைக் காட்டவில்லை.

16 ஜூன், திங்கள்

சோறு இறங்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

இடது பூட்ஸுக்கு நானே தேங்காயெண்ணெய் தடவி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன். அக்கம்மாள் விஜய்பாண்டியைப் பிடித்து, "இடது முத்துக்குமரன்னு எழுதுடா, எழுதாம கண்ணாடிய மூடாத" என்று நின்றாள். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். அவளுக்கு மாலை போட்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள், கொஞ்சம் சின்னது. பார்த்தேன்.

முதல் பந்தை அடிக்க முத்துவைக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மைதானத்து மூலையில் பந்தை வைத்து, வெறும் இடது காலால் அடித்தான். தொப்பை விழுந்த ஆள். பந்து வெளியே போகிறது போலப் போய், வளைந்து திரும்பி, வலைக்குள் விழுந்தது. ஊரே எழுந்து நின்று கத்தியது.

எனக்குப் பின்னாலிருந்து சமது பாய் குனிந்து சொன்னார்: "ஈஸ்வரனுக்கு இது வராது ஆத்தா. கடேசி வரைக்கும் வரல."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன் போல. கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது.

பூட்ஸ் ஒரு ஜோடிதான் வாங்கினார் என்று மாமனாரைத் திட்டினேன், அது போகட்டும். பேசாமல் நின்றார் என்று என் வீட்டுக்காரரைத் திட்டினேன்; போகட்டும். அக்கம்மாளுக்கு நாளைக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோக வேண்டும்.

ஆனால், அரும்பு மீசைகூட முளைக்காத வயசில், தான்தான் மட்டம் என்று தானே முடிவுகட்டி, கழற்றிக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஜீப் ஏறினானே ஒருத்தன், அவனை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

என் மகன் முத்துக்குமரனை.