எங்கள் வீட்டு ஹாலில் ஆதித் திருச்சபை

ஜூன் 2, ஞாயிறு

சோபாவை மறுபடியும் என் அறைக்குள் தள்ளியாயிற்று. கட்டிலுக்குப் போக அதன்மேல் ஏறிக் குதிக்க வேண்டும். சபை கூடக் கூட என் அறை குறைகிறது.

ஆலயத்துக் கூரையிலிருந்து பெரிய காரைத் துண்டு விழுந்தது. பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கதவைப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சபை எங்கள் வீட்டு ஹாலில். கூரை விழுந்தது, குறை எழுந்தது. பாட்டுச் சத்தம் போதவில்லை என்று அத்தைக்குக் குறை, தாங்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரருக்குக் குறை. பாதிப் பேர் பெரிய திரை வைத்த வேறு சபைக்குப் போய்விட்டார்கள். மீதி நாங்கள் இருபது சொச்சம். வாசலில் செருப்பு மட்டும் எப்படியோ ஒரு மாநாட்டுக்கே காணும்.

பாஸ்டர் தைரியம் சொன்னார்: "ஆதித் திருச்சபைக்கு, அந்த முதல் கிறிஸ்தவங்களுக்கு, ஏது கட்டடம்? வீடு வீடாத்தான் கூடினாங்க. நமக்கு அதுதான் பாடம்."

நல்ல வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து ஆளாளுக்கு ஆதித் திருச்சபையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிடார் அண்ணனுக்குப் பாட்டு நீள வேண்டும்: "ஆதித் திருச்சபையில நேரமே பார்க்க மாட்டாங்க." அப்பாவுக்கு நேரத்துக்கு முடிய வேண்டும்: "ஆதித் திருச்சபையில எல்லாம் ஒழுங்கா, கிரமமா நடந்துச்சு." ஆமென் அத்தை இரண்டுக்கும் ஆமென் சொன்னாள்.

போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி பேசுகிறார்கள்!

ஜூன் 4, செவ்வாய்

சாயங்காலம் ஜெபக்கூட்டம். பைபிளில் பிரதான ஆசாரியர் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை நுழைகிற அறை ஒன்று உண்டு. அதன் பேரைக் கழிப்பறைக் கதவில் எழுதி ஒட்டினேன்: "மகா பரிசுத்த ஸ்தலம். வருடத்துக்கு ஒருமுறை, ஒருவர் மட்டும்." அப்பா கிழித்தார். பாஸ்டர் இருமுவது போல் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஞாயிறும் காலை ஷிப்ட் உண்டு. ஆலயம் இருந்தபோது இரண்டு ஆராதனை. இரண்டாவதற்கு ஓடி வந்துவிடுவாள், கையில் சோப்பு வாசனையோடு. இப்போது ஒன்றுதான். அவள் பஸ்ஸைப் பிடித்து, மாடி ஏறி, மூச்சு வாங்கி நிற்கும்போது எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்த வீடு, சொந்த மேஜை, சொந்தத் தட்டு. அதில் அப்பம் பிட்டுப் பகிர்கிற திருவிருந்தில் அவளுக்குக் காலித் தட்டுதான் கிடைக்கிறது. கழுவ.

இன்று ஆமென் அத்தை, "அடடா, நீ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சே!" என்றாள், பஸ்ஸை விட்டவளிடம் சொல்வது மாதிரி.

எல்லோரும் போன பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "மாசக் கடைசி ரெண்டு ஞாயிறும் ஓவர்டைமுக்கு எழுதிக் கொடுத்துடறேன். இங்க வந்தாலும் பாத்திரம்தான் கழுவறேன். அங்க துணி. அவ்வளவுதானே வித்தியாசம்?"

"நேரத்தை மாத்த முடியாதும்மா. எல்லாரோட வசதியையும் பார்க்கணும்ல?" என்றார் அப்பா.

எல்லாரோட! அம்மா எந்தக் கணக்கில் வருகிறாள்?

அவள் சண்டை போட்டிருந்தால் நான் பயப்பட மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். திரைச் சபைக்குப் போனவர்களாவது கோபித்துக்கொண்டு போனார்கள். அம்மா சத்தமில்லாமல் போகிறாள், நம் வீட்டுக்குள்ளிருந்தே. ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

பாஸ்டரின் இந்த வாரப் பாடம்: ஆதித் திருச்சபையார் கண்ட சிறை, சாட்டை, சிங்கம். எங்கள் சபை கண்ட உபத்திரவம்: மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவது.

ஜூன் 16, ஞாயிறு

சரி. செய்துவிட்டேன்.

அப்பம் வெட்டி வைப்பது என் வேலை. வெட்டினேன். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு என் பீரோவுக்குள் வைத்தேன். வெறும் தட்டை வெள்ளைத் துணியால் அழகாக மூடினேன். பாஸ்டர் கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். துணியை எடுத்தார்.

தட்டு. தட்டு மட்டும்.

கிடார் அண்ணனின் கை தந்திமேலேயே நின்றுவிட்டது. ஆமென் அத்தைக்கே ஆமென் வரவில்லை. நான் ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது சிரிப்பு. பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், நான் என்ன செய்ய?

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கோபம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். மிதித்தார்.

"இதுலயா விளையாடறது? கொழுப்பாடி உனக்கு?"

"அம்மாவுக்கு வாராவாரம் இப்படித்தானே இருக்கு! ஒரே ஒரு வாரம் நீங்களும் பாருங்களேன்!"

கத்திவிட்டேன். திரும்பினால், வாசலில் அம்மா. கிடார் அண்ணன் பாட்டை நீட்டியதில் இன்று எல்லாமே தாமதம். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

அப்பம் எங்கே என்று கேட்டாள். பீரோவில் டப்பா இருப்பதைச் சொன்னேன். எடுத்து வந்து, துண்டுகளைத் தட்டில் அடுக்கினாள், பாஸ்டர் முன்னால் வைத்தாள், நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். பாஸ்டர் கூப்பிட்டும் வரவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

"நான் உன்கிட்ட கேட்டேனா? என்னை நடுச்சபையில நிக்க வெச்சு, ஐயோ பாவம்னு பார்க்க வெச்சுட்டியே!"

குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

நல்லது செய்யப் போனேனா, நாறடிக்கப் போனேனா?

ஜூன் 17, திங்கள்

தீர்ப்பு வந்தது. கொரிந்து பட்டணத்து ஆதித் திருச்சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தில் திருவிருந்தைப் பற்றிய அதிகாரத்தை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். "அபாத்திரமா, தகுதியில்லாம, பந்தியில கை வெச்சா என்ன ஆகும்னு அதுல இருக்கு. உனக்குன்னே எழுதினது."

ஜூன் 18, செவ்வாய்

வாசித்தேன். "அபாத்திரம்" வருகிற இடத்தைத்தான் அப்பா விரலால் காட்டினார். நான் கொஞ்சம் மேலேயிருந்து ஆரம்பித்தேன். சத்தியமாகக் குறும்பு இல்லை. திட்டு வாங்குவது என்றால் முழுத் திட்டையும் வாங்கிவிடலாமே என்றுதான்.

மேலே என்ன இருந்தது தெரியுமா? சாப்பாட்டுச் சண்டை! முந்தி வந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இன்னொருத்தன் பசியோடு நிற்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் பொரிந்து தள்ளுகிறார். வருஷா வருஷம் எங்களைப் பயமுறுத்துகிற அந்த "அபாத்திரம்" இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வருகிறது. கடைசியில் அவர் எழுதிக் கொடுக்கிற மருந்து ரொம்பச் சின்னது. கூடி வந்தால், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டுமாம்.

ஆதித் திருச்சபை என்றால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாட்டிய கூட்டம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் இவர்களும் பந்திக்கு முந்து கூட்டம்தான்! சிங்கத்திடமிருந்து நாம் கற்க வேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை. இவர்கள் வாங்கின திட்டிலிருந்து கற்கலாம் போல.

அப்பா, "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன்.

"போதும்."

பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் இது பெரிய சாதனை.

ஜூன் 23, ஞாயிறு

அப்பாவே எழுந்து சொன்னார்: "இனிமே ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க வந்தப்புறம் அப்பம் பிட்கலாம். வாசிச்சுப் பார்த்தேன். நாமதான் தப்பா நடத்தறோம்." பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

உடனே பரலோகம் திறந்துவிட்டதா? இல்லை. "மத்தியானம் வரைக்கும் வயிறு தாங்காதே அண்ணே" என்று கிடார் அண்ணன். குழந்தைகள் அழும் என்று ஒருவர். ஆமென் அத்தை முதல்தடவையாக யாருக்கும் ஆமென் சொல்லாமல், "ஒரு வாய் டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருங்கப்பா, செத்தா போயிடுவோம்?" என்றாள்.

காத்திருந்தோம். அம்மா வரவில்லை.

போன் போட்டுக் கேட்டால், ஓவர்டைமுக்கு எழுதிக் கொடுத்தே விட்டாளாம். வருவது இருட்டிய பிறகுதான். தட்டின் மேலிருந்த துணியை எடுக்காமலேயே எல்லோரும் கலைந்தார்கள். விஷயம் சொன்னதும் அம்மா என்னைத்தான் முறைத்தாள்: "எனக்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்னு சொல்லு." நான் என்ன இவர்களுக்கு நடுவில் தபால்காரியா?

ஜூன் 30, ஞாயிறு

அம்மாவுக்கு இன்றும் ஓவர்டைம். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. அப்பா தட்டைத் துணியோடு தூக்கினார். "வண்டியில ஏறுங்க."

பயிற்சி வண்டியில் ஆறு பேர், பாஸ்டரின் ஸ்கூட்டரில் இருவர், மற்றவர்கள் பஸ்ஸில். ஊருக்கே வழி சொல்லிக்கொடுக்கிற அப்பா மருத்துவமனைப் பின்வாசலுக்கு வழி தெரியாமல் இரண்டு முறை சுற்றினார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே வந்ததில்லையாம்.

பின்வாசலில் அழுக்குத் துணி வண்டிகள் வரிசையாக நின்றன. சுவரிலிருந்த குழாய் வழியாக வெந்நீராவி. சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்த அம்மா எங்களைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன கூத்து இது? வேலை செய்யற இடத்துக்கு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"நீ இல்லாம பிட்க முடியல" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை, நான் இல்லை என்று கையை ஆட்டினேன். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். தட்டைப் பார்த்தாள். பாஸ்டர் துணியில் கை வைத்தார்.

"இருங்க பாஸ்டர். உள்ள இஸ்திரி மிஷின்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமை கிடையாது. கூட்டிட்டு வரேன்."

உள்ளே போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கிடார் அண்ணனின் வயிறு சத்தமாகக் கூப்பிட்டது. ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

இருந்தோம்.