பாதி மெஷின் உன்னுடையது, செல்வி

என் அருமைச் செல்விக்கு,

நீ இருக்கிற இடத்தில் துணி துவைக்கிற வேலை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய். பக்கத்தில் இருக்கிறவர்களைப் பிடித்து வைத்து எதையாவது விற்றுக்கொண்டிருப்பாய். உன் வருஷத் திதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நேரிலேயே சொல்லியிருக்க வேண்டியது. என் வீம்பு விடவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. பாரதியார் வீதியில் நாம் இருபது வருஷம் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து மாடியைப் பார்ப்பேன். படியேறினால் இடது பக்கம் மிக்ஸியும் கிரைண்டரும், சுவரோரமாக ஃபிரிட்ஜ், ஜன்னல் பக்கம் நம்முடைய வாஷிங் மெஷின்கள். இளநீலம், வெளிர்பச்சை, சந்தன நிறம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. புதுப்பெட்டியைப் பிரிக்கும்போது ரப்பர் குழாயும் பெயிண்டும் கலந்து ஒரு வாசனை வருமே, அதற்காகவே நீ முதல் ஆளாகக் கத்தரிக்கோலோடு வந்து நிற்பாய். இப்போதைய மெஷின்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். திருகுவதற்கு ஒன்றும் இல்லை, தொட்டால் கீச் கீச்சென்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

மெஷின் டெமோ காட்ட, வாங்க வருகிறவர்களையே அழுக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம் என்பது உன் யோசனைதான். "நம்ம துணிய நாம துவைச்சுக் காட்டுனா யாரு நம்புவா? அவங்க அழுக்கு போவணும்டி, அப்பதான் நம்புவாங்க" என்றாய். வரிச்சிக்குடியிலிருந்து நடவு வயல் சேற்றோடு வேட்டி வந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கடலுக்குப் போய்வந்த கைலி வந்தது. மாடியில் குழாய் கிடையாது. கீழேயிருந்து வாளி வாளியாக நாம் இரண்டு பேரும் தண்ணீர் தூக்குவோம். நம்மூரில் புதுச்சேரிக் கணக்கில் வரி குறைவு என்று நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவர்கள்கூட, பஸ்ஸில் அழுக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

வரிச்சிக்குடி அம்மா ஒருத்தர் நான்கு வாரம் தொடர்ந்து வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுத் துணி மொத்தமும் நம் கடையில்தான் வெளுத்தது. "இன்னும் மனசுக்குத் திருப்தியா இல்ல, அடுத்த வாரம் போர்வைய கொண்டாந்து பாக்குறேன்" என்றார். நீ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "அக்கா, மெஷின உங்க வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பதிலா உங்க வீட்டயே இங்க தூக்கிக்கிட்டு வந்துடுங்க" என்றாய். நான் பயந்துபோனேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்.

அப்படி ஊர் அழுக்கையெல்லாம் துவைத்துக் காட்டிய வெளிர்பச்சை மெஷினைத்தான், பக்கமெல்லாம் கீறல் விழுந்த பிறகு, வேலை பார்க்கிறவர்கள் யாராவது குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. இரண்டு பேருக்கும் ஆசை. தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வக்கு இல்லை. ஆளுக்குப் பாதி என்று நீதான் சொன்னாய். பில்லில் இரண்டு பெயரும் போட வேண்டும் என்று நின்று எழுத வைத்ததும் நீதான். "என்ன இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார் முதலாளி.

உன்னுடையது வாடகை வீடு, வைக்க இடமில்லை. அதனால் மெஷின் என் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. செவ்வாய், வியாழன், சனி உனக்கு. திங்கள், புதன், ஞாயிறு எனக்கு. வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்து மெஷினுக்கு லீவு. உன் முறை நாளில் ஆறு மணிக்கெல்லாம் துணி வாளியோடு வந்துவிடுவாய். பிழிகிற பக்கத்தில் துணி ஒருசாய்வாக விழுந்துவிட்டால் மெஷின் கிடுகிடுவென்று கிணற்றடி வரை நடந்து போகும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர்க்கதை பேசுவோம். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ஒருநாள் மெஷின் சட்டென்று நின்றுவிட்டது. நீ அதே குரலில் உன் மாமியாரின் சாம்பாரைப் பற்றிச் சொல்லி முடித்தாய். உன்னைக் கூப்பிட வந்த மாமியார் கொல்லைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதம் உன் வீட்டில் ரசம்தான்.

இருபத்தைந்து வருஷம் இப்படி ஓடியது. உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடித்தால் பெயிண்ட் அடிப்போம். குழாய் விட்டுப்போனால் சைக்கிள் ட்யூபை வைத்துக் கட்டுவோம். வேலையை விட்டு நின்ற பிறகும் உன் நாள் உனக்கு, என் நாள் எனக்கு.

போன வருஷம் நீ மூன்று செவ்வாய் சேர்ந்தாற்போல் வரவில்லை. வியாழனும் இல்லை, சனியும் இல்லை. நாலாவது வாரம், உன் வீட்டு வாசலில் வேன் நின்று பெரிய பெட்டி இறங்கியது என்று பால்காரர் சொன்னார். உன் மருமகன் வாங்கிக் கொடுத்த புது வாஷிங் மெஷினாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புதுசு வந்ததும் என் கொல்லை கசந்துவிட்டதா? வாங்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? இரண்டு முறை நீ போன் செய்தாய். நான் "ம்", "சரி" என்று மட்டும் பேசினேன். இரண்டு முறையும் நீ கடைசியில், "ஒருநாள் வாடி வீட்டுக்கு" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எட்டு வீடுகள். இரண்டு மாதம் நான் அந்த எட்டு வீட்டைத் தாண்டவில்லை. பிறகு உன்னைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன். அப்போது உனக்கு ஆளைத் தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் பேசியது உனக்குக் கேட்டதா?

நீ போன பிறகும் செவ்வாய், வியாழன், சனியில் நான் மெஷின் போடுவதில்லை. மருமகள் பிரியா, "வெயில் நல்லா அடிக்குதே அத்த, இன்னைக்குப் போட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். போன மாதம் பிழிகிற மோட்டார் நின்றுவிட்டது. சாமான் வருவதில்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்றாள் பிரியா. "பாதி என்னுது இல்லம்மா, கேக்காம குடுக்க முடியாது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப கவிதாக்காவ கேட்டுட்டு வாங்க அத்த" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் இருக்கிற உன் மகளைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கவிதா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அந்தப் பெட்டி இருந்தது, செல்வி. ஒட்டிய டேப்கூடப் பிரியாமல், மேலே பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு இருந்தது.

"அம்மாவுக்குக் கை வீங்கிப் போயி ஈரத்துணி வாளிய தூக்க முடியல பெரிம்மா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அதப் பாத்துட்டுதான் இவரு வாங்கிக் குடுத்தாரு. ஆனா பிரிக்க விடல. ராஜி வரட்டும், ரெண்டு பேரும் சேந்துதான் பிரிப்போம், அவ டெமோ காட்டாம நான் தொட மாட்டேன்னாங்க."

"என்னை வந்து கூப்புட்டிருக்கலாமேம்மா."

"நான் கெளம்புனேன். அம்மாதான் வேணாம்னாங்க. அவ கோவமா இருக்கா, எனக்குத் தெரியும், ரெண்டு நாள்ல தானா வந்துடுவான்னாங்க. காலையில ஆறு மணி ஆனா கதவத் தொறந்து வச்சுருவாங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு என் மேல் வருத்தம் இருந்ததா, இல்லையா? கவிதாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் அதை உன்னோடு கொண்டுபோய்விட்டாய்.

பிறகு உன் மகள் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைப் பிரித்தோம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுகூட எனக்குப் புரியவில்லை. கவிதா புத்தகத்தைப் பார்த்துப் படிக்க, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே தப்புத் தப்பாக அழுத்தினேன். ஒருவழியாகத் தண்ணீர் ஏறியது. அவள் மகனின் பள்ளிக்கூடச் சட்டைதான் முதல் துணி. நன்றாகத்தான் வெளுத்தது.

பழைய மெஷினைக் கொடுத்துவிடலாம் என்று உன் பாதிக்கு அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வண்டி வருகிறது. அது போவதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போனது அதற்காக இல்லை, நீ திறந்து வைத்த கதவுக்காக.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வாரத்தில் ஒருநாள் என்னைப் பார்க்க வருவதாகக் கவிதா சொல்லியிருக்கிறாள். அவள் வராத வாரம், ஏன் வரவில்லை, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். கோபமே வந்தாலும் சரி, அந்தக் கோபத்தோடேயே அன்று சாயங்காலம் எட்டு வீட்டையும் தாண்டிப் போய் அவள் கதவைத் தட்டுவேன்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
ராஜி