பத்துக்கு இரண்டு

ஸ்காபரோ
09.02.2025

அன்பான அண்ணைக்கு,

இங்கு நானும் மகள் துர்க்காவும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் நம்பிக்கை இல்லாமல் எழுதுகிறேன். போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதற்காகத்தான் இந்தக் காலத்தில் முத்திரை வாங்கி ஒட்டுகிறேன். துர்க்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

வாசல் பனி தள்ளும்போது உங்களுக்கு முதுகு பிடித்தது மார்கழியில். டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. காப்புறுதிக் கம்பனி ஏன் இன்னும் விடவில்லை? மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் வெட்டும்போது யாரும் உங்களைக் காத்திருக்கச் சொல்வதில்லையே.

வரட்டா என்று கேட்டால் "பனிக்குள்ள வராதை" என்கிறீர்கள். அண்ணி உயிரோடு இருந்திருந்தால் அவராவது எனக்கு உண்மை சொல்லியிருப்பார்.

அன்புத் தங்கை
யோகமலர்


கொலம்பஸ், ஒகையோ
20.02.2025

அன்புள்ள மலர்,

நான் நல்ல சுகம். நீயும் பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும்.

கோபப்படாமல் வாசி. ஸ்கானுக்கு விடுவதற்கு முன் ஆறு கிழமை, அதாவது நாற்பத்திரண்டு நாள், உடற்பயிற்சி செய்து பார்க்கவேண்டுமாம். அதற்கும் எங்கும் போகத் தேவையில்லை. கம்பனியின் ஆப் ஒன்றைப் போனில் இறக்கியிருக்கிறேன். போனைச் சுவரோடு சாத்திவைத்து முன்னால் நின்று குனிந்து நிமிர்ந்தால் கமரா பார்த்துக்கொள்ளும். "மிக நன்று" என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். காலையில் எழும்பினவுடன் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கும். நான் இரண்டை அமத்துவேன். விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பிள்ளையிடம் போய் என்ன முறைப்பாடு?

நீயும் உன் கனடாவைத் தலையில் தூக்கி வைக்காதே. உன் தோள் ஸ்கானுக்கு ஏழு மாதம் காத்திருந்தவள் நீ.

ஒரு பகிடி கேள். முந்தாநாள் இடது கால் செருப்பு படியில் கழன்று கிடந்திருக்கிறது. நான் அது தெரியாமல் குசினி அடுப்படிவரை நடந்து போய்விட்டேன். என்னோடு வேலை செய்யும் மாக்கஸ்தான் இப்போது என்னைக் காரில் ஏற்றி இறக்குகிறான். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து சிரித்தான்.

அன்புடன்
அண்ணன் சண்முகலிங்கம்


ஸ்காபரோ
03.03.2025

அண்ணை,

பகிடியா அது? உங்கள் கடிதத்தை வேலை இடைவேளையில் வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. காலில் உணர்ச்சி இல்லாததால்தான் செருப்பு கழன்றது தெரியவில்லை. பதினாறு வருடமாக முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, நடத்துகிறவள் சொல்கிறேன். முதுகில் நரம்பு நெரிபட்டால் காலுக்கு இப்படித்தான் வரும்.

எங்கள் இல்லத்திலும் அதே பத்துக்கு எத்தனைதான். வெள்ளைக்காரக் கிழவர்கள் கூசாமல் எட்டு என்பார்கள். எங்கட ஆக்கள் இடுப்பு முறிந்து கிடந்தாலும் "பரவாயில்லை பிள்ளை, ரெண்டு போடு" என்பார்கள். மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதாம். அதனால் நான் அவர்களிடம் எண் கேட்பதே இல்லை. "சட்டைக் கை போட ஏலுதோ? எழும்பேக்க ஆரும் பிடிக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பேன். உங்கள் போனுக்கு முகம் பார்க்கத் தெரியுமா? அந்தக் குரல் ஒரு பிள்ளையும் இல்லை. அதற்கு மரியாதை காட்டி நீங்கள் காலை இழக்கப் பார்க்கிறீர்கள்.

நாளைக்கே டொக்டரிடம் போய்ச் செருப்புக் கதையைச் சொல்லுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள்.

மலர்


கொலம்பஸ்
16.03.2025

அன்புள்ள மலர்,

நான் சுகம். நீ சொன்னபடி போனேன். டொக்டர் ஊசியால் காலில் குத்தினார், எனக்குத் தெரியவில்லை. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார், அது கேட்கவில்லை. அவர் முகம் மாறிப்போனது. அவசரம் என்று எழுதிக் கம்பனிக்கு அனுப்பினார். நான் அந்த அறையை விட்டு எழும்பும் முன்பே மறுமொழி வந்துவிட்டது. கம்பியூட்டரே பார்த்து மறுத்துவிட்டதாம். காரணம் எழுதியிருந்தது: நாற்பது நாளும் வலி இரண்டு, பயிற்சி ஒழுங்கு, தேறி வருகிறார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அண்ணிக்கு வந்த பில்லை நீ கண்ணால் கண்டவள். நான் போகவில்லை.

மேன்முறையீடு செய்தால் ஒரு மனிதர் பார்ப்பாராம். அதற்கு நான் என் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். எப்படி எழுதுவது? இரண்டை அமத்தியது என் விரல்தானே. இப்போது மாற்றிச் சொன்னால் பொய்யன் என்பார்கள். அதோடு, ஏலாதவன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் இந்தக் காப்புறுதியும் போகும். இதை இவ்வளவில் விடு.

அண்ணன்


ஸ்காபரோ
26.03.2025

அண்ணை,

விடமாட்டேன்.

ஏலாமல் போனால்தானே மனிதனுக்குக் காப்புறுதி வேண்டும். ஏலாதவன் என்று சொன்னால் அது பறிபோகும் என்றால் அதற்கு என்ன பெயர்? நான் ஏழு மாதம் காத்திருந்தது உண்மை. இங்குள்ளவர்களைத் திட்டியதும் உண்மை. ஆனால் எனக்கு முன்னால் என்னிலும் மோசமான ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? ஒருவரும் இல்லை. உங்களைத் தொட்டுப் பார்த்த டொக்டரின் சொல்லை உங்களைத் தொடாத ஒரு யந்திரம் தள்ளிவிட்டது, அதற்கு நீங்கள் கொடுத்த இரண்டையே உங்கள் கழுத்தில் கட்டி.

உங்கள் மேலும் கோபம்தான். பொய்யன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு எத்தனை தரம் "நல்ல சுகம்" என்று எழுதினீர்கள், அது என்ன?

எண் எழுத வேண்டாம். எது ஏலாது என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள், துர்க்கா ஆங்கிலத்தில் மாற்றித் தருவாள். எனக்கும் ஒன்று எழுதுங்கள். அதில் சுகம் என்ற சொல் இருந்தால் வாசிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மலர்


கொலம்பஸ்
19.04.2025

மலர்,

எனக்கு ஏலாமல் இருக்கிறது.

இடது காலைக் கையால் தூக்கித்தான் கட்டிலில் வைக்கிறேன். காலில் சப்பாத்தை மாக்கஸ் மாட்டிவிடுகிறான். படி ஏற முடியாமல் மாசியிலிருந்து கீழே சோபாவில்தான் படுக்கை. ஒருநாள் குளியலறையில் விழுந்து, எழும்ப முடியாமல் ஒரு மணித்தியாலம் கிடந்தேன். அன்று நீ போன் எடுத்தாய். நல்லா இருக்கிறன் என்றேன்.

இதையெல்லாம்தான் துர்க்கா மாற்றி அனுப்பினாள். பத்து நாளில் கம்பனியிலிருந்து ஒரு டொக்டர் அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார், உயிருள்ள மனுசி. எத்தனை என்று கேட்கவில்லை. படி ஏறுவீர்களா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே ஸ்கானுக்கு அனுமதி கிடைத்தது. வியாழக்கிழமை ஒப்பரேசன். கால் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாதாம். தை மாதமே ஸ்கான் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று ஒப்பரேசன் செய்யும் டொக்டரே சொன்னார்.

இன்று காலையும் ஆப் கேட்டது. முதன்முதலாக ஒன்பதை அமத்தினேன். "மிக நன்று, எழுபத்தாறு நாள் விடாமல் பதில் தந்திருக்கிறீர்கள்" என்றது. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆப்பை அழித்தேன்.

வாசலில் பனி கரைந்துவிட்டது. உன்னை மறிக்க எனக்கு இனிச் சாட்டு இல்லை. இதற்குப் பதில் எழுதாதே.

வா.

அண்ணை