நட்டநடு ஆளின் மணிக்கூலி

ஜூன் 9, 2025, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினெட்டு வருடம். இனிமேல் பேசுவேன் — இப்போதைக்கு இந்த நோட்டில்.

இன்று கூட்டத்தில் முரளி என்னை "விச்சு" என்றான். தனியாக இருந்தால் "சார்". கோயம்புத்தூரிலிருந்து இந்த மராட்டிய மண்ணுக்கு வந்த புதிதில் சாங்வியில் எங்கள் வீட்டில் என் மனைவி சரசா வைத்த ரசத்தை ஆறு மாதம் குடித்தவன். இப்போது பிம்ப்ரி தொழிற்சாலைக்கு எச்.ஆர். தலைவன். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்த நான் அவனுக்குக் கீழே சம்பளப் பட்டியல் போடுகிறேன்.

எங்களிடம் கியர் வாங்கும் ஜெர்மன்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கம்பெனியில் குறைகூலிக்காரர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. குறைகூலி என்றால் என்ன, அதை யார் முடிவு செய்வது என்று எல்லாரும் முழித்தார்கள். நான் எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன். எல்லாரையும் மணிக்கூலிப்படி வரிசையில் நிறுத்து. நட்டநடுவில் நிற்கும் ஆளின் மணிக்கூலியில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவோ, அதுதான் கோடு. அதற்குக் கீழே வாங்குபவர் குறைகூலிக்காரர்.

என் படிப்பை இங்கே யாரும் இதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிட்டேன்.

ஜூன் 12

கணக்குப் போட்டாயிற்று. நட்டநடுவில் நிற்பது என் கிரேடு. மணிக்கு நூற்றைம்பது ரூபாய். ஆகவே கோடு நூறு. கான்டீன், கூட்டிப் பெருக்குவது, லோடிங் — இவர்களெல்லாம் வாங்குவது எண்பத்துநாலு.

முதலிலும் வராமல் கடைசிக்கும் போகாமல் மிகச் சரியாக நடுவில். ஜாதகத்திலேயே எழுதியிருக்கும்.

ஜூன் 20

முரளி அறிவித்துவிட்டான்: கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தீபாவளிக்குள் மணிக்கு நூறு. ஒரே கைதட்டல்.

கான்டீனில் பரிமாறும் சந்திரிகா என் தட்டில் கேட்காமலே இன்னொரு வடை வைத்தாள். "நீங்கதான் கோடு போட்டீங்களாமே சார். கசார்வாடியில தனிக் கொழா இருக்கற ரூமு ஒண்ணு பாத்துட்டேன். டெபாசிட்டும் குடுத்தாச்சு. இனிமே விடியக்காலைல தண்ணிக்காக எவகூடயும் மல்லுக்கட்ட வேணாம்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முகமது ரஃபீக், "ஏக் கண்டே கா க்யா மிலேகா, மாலூம்? கண்டா," என்றான். ஒரு மணிக்கு என்ன கிடைக்கும் தெரியுமா என்கிறான். இந்தியில் கண்டா என்றால் ஒரு மணி நேரம். தெருப்பேச்சில் ஒரு மண்ணும் கிடையாது என்றும் அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் இந்தியில் ஏதோ சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இந்தியில் பஸ் பெண்பால், வந்துவிட்டது என்பதற்கு "ஆ கயீ" என்று சொல்ல வேண்டும் என்பது தெரியாமல் என்றைக்கோ "பஸ் ஆ கயா" என்று கத்தித் தொலைத்தேன். அன்றிலிருந்து இங்கே என் பெயர் "பஸ் ஆ கயா சார்". பஸ் ஆணா பெண்ணா என்று எவன் குனிந்து பார்த்தான்?

ஜூலை 3

மழை. நாசிக் பாட்டா சிக்னலில் ஒரு மணி நேரம். இந்த மணி யார் கணக்கு?

ஆகஸ்ட் 1

புது சர்க்குலர். என் கிரேடுக்கு மட்டும் வேலை நேரம் இனி எட்டு மணி இல்லை, பத்து மணி. சம்பளம் அதே.

முரளி கதவைச் சாத்திவிட்டு, "சார், பத்து மணி நேரம் வேல செய்யறோம், எட்டுன்னு எழுதறீங்கன்னு வருஷா வருஷம் மனு குடுத்தது நீங்கதானுங்களே? இப்ப உள்ளத உள்ளபடி எழுதியாச்சுங்க," என்றான்.

உண்மைதான். என் மணிகளை எண்ணுங்கள் என்று பதினெட்டு வருடமாகக் கேட்டேன். எண்ணிவிட்டார்கள். கொடுப்பதற்கு இல்லை, வகுப்பதற்கு.

அதே சம்பளத்தைப் பத்தால் வகுத்தால் என் மணிக்கூலி நூற்றிருபது. அதில் மூன்றில் இரண்டு பங்கு எண்பது. எண்பத்துநாலு வாங்கும் சந்திரிகா ஒரு பைசா கூடாமலே குறைகூலியிலிருந்து கரையேறிவிட்டாள். நான் இன்னும் கொஞ்சம் இளைத்தால் அவள் சீமாட்டியே ஆகிவிடுவாள்.

"உங்க ஃபார்முலாதானுங்க சார்," என்றான் கிளம்பும்போது. ரசம் குடித்த வாய்.

ஆகஸ்ட் 22

சான்றிதழ் வந்துவிட்டது. "குறைகூலி இல்லாத தொழிற்சாலை". கண்ணாடி போட்டுக் கான்டீன் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பேடா.

"அப்ப எங்களுக்கு ஏத்தம் எப்ப சார்?" என்றாள் சந்திரிகா. ஏற்றம் கிடையாது, நீங்கள் இப்போது குறைகூலிக்காரர் இல்லை என்று சொன்னேன்.

"எப்பலேர்ந்து சார்? எனக்கு யாரும் சொல்லலியே."

நான் பேடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டெபாசிட்ட அந்தாளு திருப்பித் தர மாட்டான் சார்." வடை வரவில்லை. டீ மட்டும் வந்தது, டக்கென்று.

நானா கோட்டை இறக்கினேன்? கோடே நான்தான். என்னைத்தான் இறக்கினார்கள். அத அவகிட்டச் சொல்றதுக்கு என்ன? பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு, அதுக்குள்ள வாயில கொழுக்கட்டையா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதினேன், தமிழில். பிரமாதமாக வந்திருந்தது. தொழிற்சாலையில் அதைப் படிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். நானும் முரளியும். சந்திரிகாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.

இந்தியில் திரும்ப எழுதி, "ஹமாரா தன்க்வா", அதாவது எங்கள் சம்பளம் என்று தலைப்பும் போட்டு மகள் வைஷுவிடம் காட்டினேன். சோபாவில் உருண்டு சிரித்தாள். "அப்பா, தன்க்வா லேடீஸ்ப்பா. ஹமாரா இல்ல, ஹமாரி. எல்லா லைன்லயும் கல்தி பண்ணிருக்கே. நீ பேர் போடவே வேணாம், மதராஸி எழுதினதுன்னு மொத லைன்லயே தெரிஞ்சிடும்."

திருத்தி, அவளே அழகாக வேறு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு பிழை இல்லை. எவன் எழுதினான் என்று கடவுளுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

வைஷுவின் தாள் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.

முதல் ஷிப்ட் டீக்கு முன்னால், சான்றிதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். பெயர் போடுவதாக இல்லை. தலைப்பு மட்டும் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் இருக்கிறது: ஹமாரா தன்க்வா.